பார்வையற்றவர்களுக்கு அந்தரங்கப் பாதுகாப்புக் கருவிகள்: எது உண்மையிலேயே ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துப்போகிறது?

சித்தூர் டீச்சர்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்தான் எனக்குத் துணை, கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக். கொழிஞ்சாம்பாறையில் எல்லையின் இரண்டு பக்கத்துப் பார்வையற்றவர்களையும் கூட்டி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். இணையத்தில் சொந்த விவரங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதுதான் வகுப்பு.

இது பற்றித் தமிழில் கிடைக்கிற கட்டுரைகள் எல்லாம் ஒரே பல்லவி. வலுவான பாஸ்வேர்ட் வை, விபிஎன் போட்டு இணைய முகவரியை மறை, ஓடிபியை யாரிடமும் சொல்லாதே. சரி, ஆனால் எங்கள் ஆட்களில் பலருக்கு ஓடிபியை அடித்துக் கொடுப்பதே பக்கத்து வீட்டுப் பையன்தான். ஒரு செயலியில் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் டாக்பேக் "லேபிள் இல்லை, பட்டன்" என்று மட்டும் சொல்லும். அப்படி நாலு பட்டன் வரிசையாக வந்தால் எது பணத்தை அனுப்பும், எது ரத்து செய்யும்? கண் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிட்டவுடனே ரகசியம் போச்சு.

பாஸ்வேர்ட்களைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேலாளர், மெசேஜ் செயலி, பிரவுசர், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, இதில் எதையெல்லாம் அடுத்தவர் துணையில்லாமல் தொடக்கம் முதல் கடைசி வரை நாமே முடிக்க முடிகிறது? பயன்படுத்தியவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

பாலக்காட்டு லினக்ஸ்காரன்

டீச்சர், முதலில் பாஸ்வேர்ட் மேலாளர். கீபாஸ் பழைய மாதிரி தோற்றம்தான், ஆனால் அதன் அமைப்புகளில் ஸ்கிரீன் ரீடருக்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் பட்டியல் ஒழுங்காகப் படிக்கும். கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும், சர்வருக்குப் போகாது. போனிலும் கணினியிலும் ஒன்றாக வேண்டுமென்றால் பிட்வார்டன் பார்க்கலாம்.

எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் டோர் பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸின் மேல் கட்டியது, அதனால் ஃபயர்ஃபாக்ஸில் பழகிய ஷார்ட்கட்கள் பெரும்பாலும் அங்கேயும் செல்லும். ஆனால் நடுவில் ஒரு காலம் விண்டோஸில் ஸ்கிரீன் ரீடர் அதனுள்ளே ஒழுங்காக நுழையவே முடியாமல் இருந்தது. 2019 மே மாதம் வந்த 8.5 பதிப்பில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. ஆகவே யாராவது பழைய பதிப்பை வைத்துக்கொண்டு "டோர் நமக்கு ஆகாது" என்று சொன்னால் புதியதை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பென் டிரைவில் இருந்து இயக்குகிற டெய்ல்ஸ் என்ற அந்தரங்க இயங்குதளத்திலும் ஓர்கா ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே இருக்கிறது. வகுப்புக்கு அது அதிகப்படி. ஆனால் உண்டு.

இன்னொன்று. விளம்பரத் தடுப்பானை அந்தரங்கக் கருவி என்று மட்டும் நினைக்க வேண்டாம். செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால் கண் உள்ளவர் விளம்பரத்தைத் தாண்டிப் பார்த்துக்கொள்வார். நமக்கு அது ஒவ்வொன்றும் சட்டகம், இணைப்பு, மூடு பட்டன் என்று காதுக்குள் வந்து போகும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைப் போட்ட பிறகு அதே பக்கம் எப்படிப் படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பின்தொடரும் நிரல்களும் போகும், காதும் மிஞ்சும்.

குறைபார்வை கோவிந்தாபுரம்

எனக்கு முழுக்க இல்லாமல் இல்லை, கொஞ்சம் தெரியும். எங்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதனால் இடையில் நுழைகிறேன்.

நான் எழுத்தை மிகப் பெரிதாக்கி வைத்திருப்பேன். ஒரு வாட்ஸ்அப் செய்தி திரை முழுக்க நிற்கும். பொள்ளாச்சி பஸ்ஸில் பின் சீட்டுக்காரர், அதற்குப் பின் சீட்டுக்காரர், நின்றுகொண்டு வருபவர், எல்லோரும் என் சம்பள விவரத்தைப் படிக்கலாம். கடையில் கேட்டால் பிரைவசி கிளாஸ் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டினேன். பக்கவாட்டில் இருப்பவருக்கு இருட்டானது உண்மை. நேராகப் பார்க்கிற எனக்கும் வெளிச்சம் குறைந்துவிட்டது. வெளிச்சமும் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடும்தான் என் கண்ணுக்கு முதல். அதைக் குறைத்தால் எனக்குப் போன் எதற்கு? உரித்துப் போட்டேன்.

இதற்கு வழி இருந்தால் சொல்லுங்களேன்.

சித்தூர் டீச்சர்

கோவிந்தாபுரத்துக்காரரே, பஸ்ஸில் மட்டும் டாக்பேக்கைப் போட்டுக்கொண்டு திரையை மறைத்துவிடுங்கள். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் தேர்வு உண்டு. போன் அணைந்த மாதிரி கறுப்பாகிவிடும், ஆனால் தொட்டால் காதில் பேசும். ஐபோனில் அதன் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் இயங்கும்போது மூன்று விரலால் மூன்று தடவை தட்டினால் திரைச்சீலை விழும். என்விடிஏவிலும் இதே வசதி இருக்கிறது. வீட்டில் பெரிய எழுத்து, வெளியில் காது என்று இரண்டையும் பழகிக்கொண்டால் பேட்டரியும் கொஞ்சம் மிச்சம்.

முழுப் பார்வையின்மை உள்ளவர்களில் கூடப் பலருக்கு இது தெரியாது. தன் திரை எரிகிறது என்பதே நினைவுக்கு வராது. நான் ஆசிரியர் அறையில் மாணவர்களின் மதிப்பெண் போடும்போது சீலையை இறக்கிவிட்டுத்தான் உட்காருவேன்.

கோவை நிரலர்

நான் பணம் சம்பந்தப்பட்ட செயலி செய்கிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். டீச்சர் சொன்ன பட்டன் லேபிள் விஷயம் சரி, அது சோம்பேறித்தனம். அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வங்கிப் பணத்தைத் திருடுகிற செயலிகள் பெரும்பாலும் கேட்கும் அனுமதி எது தெரியுமா? அணுகல்தன்மை அனுமதி. டாக்பேக் திரையைப் படிக்க எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறதோ, அதே கதவு வழியாகத்தான் திருடனும் வருகிறான். திரையில் இருப்பதைப் படிக்கிறான், நமக்குப் பதிலாக பட்டனை அழுத்துகிறான். திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்புகளை, அதாவது திறந்தால் செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்புகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால்தான் சில செயலிகள் அணுகல் சேவை எது இயங்கினாலும் பின் எண் பக்கத்தைத் திறக்க மறுக்கின்றன. கோடிக்கணக்கான பேரின் பணத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. சில ஆயிரம் பேருக்குச் சிரமம் என்றால் என்ன செய்வது?

சித்தூர் டீச்சர்

> சில ஆயிரம் பேருக்குச் சிரமம் என்றால் என்ன செய்வது?

தம்பி, உங்கள் செயலி கதவைச் சாத்தியதும் நான் பணம் அனுப்பாமல் இருந்துவிட மாட்டேன். மின்கட்டணம் கட்ட வேண்டும், மகளுக்கு அனுப்ப வேண்டும். போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கணினிக் கடைக்குப் போவேன். "பின் என்னங்க?" என்று அவர் கேட்பார். நான் சொல்வேன். வரிசையில் நிற்பவர்களும் கேட்பார்கள். இது நடக்கிற கதை. ஏபிகே திருடனிடம் இருந்து என்னைக் காப்பாற்றி, கடைக்காரரிடம் என்னை ஒப்படைத்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது பாதுகாப்பு. ஏனென்றால் உங்கள் பதிவேட்டில் திருட்டு என்று எதுவும் ஏறாது.

கடைக்காரர் நல்லவர். அது வேறு விஷயம்.

பாலக்காட்டு லினக்ஸ்காரன்

நிரலர் சார், நீங்கள் சொல்வது பழைய வாதம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், கூகுளின் செயலிக் கடைக்கு வெளியில் இருந்து இறக்கிய செயலிக்கு அணுகல் அனுமதியை அவ்வளவு எளிதாகக் கொடுக்க முடியாதபடி தடை வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 14இல் இன்னும் நேரடியாகவே கருவி வந்துவிட்டது. இந்தப் பெட்டியில் இருப்பது ரகசியமானது என்று நிரலில் ஒரு வரி எழுதினால், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று தன்னை அறிவித்துக்கொண்ட சேவைகள் மட்டும்தான் அதைப் படிக்க முடியும். டாக்பேக் உள்ளே வரும், அழைப்பிதழ் ஏபிகே வெளியே நிற்கும். பொய்யாக அறிவித்துக்கொண்டால்? கூகுள் கடையில் அதற்குச் சோதனை உண்டு. முழுக்க அடைபட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரையும் சேர்த்துப் பூட்டுவது தவிர வேறு வழியே இல்லை என்பது இன்று உண்மை கிடையாது.

மீனாட்சிபுரம் மசாஜ் சென்டர்

எனக்கு இந்த ஆண்ட்ராய்டு 14 எல்லாம் புரியாது. என் பிரச்சினை கீபேட். யுபிஐ பின் போடும்போது எண்ணின் மேல் விரல் போனால் டாக்பேக் சத்தமாக "ஏழு" என்கிறது. மளிகைக் கடையில் நின்று என் பின்னை ஊருக்கே ஏலம் போடுகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு செயலியில் நேர்மாறு. எண் எதையும் சொல்லாது, "புள்ளி" "புள்ளி" என்று மட்டும் சொல்லும். அதுவும் ஒவ்வொரு தடவையும் எண்களின் இடத்தைக் கலைத்துப் போட்டுவிடும். மூன்றாம் தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும்.

சித்தூர் டீச்சர்

அண்ணா, இதற்கு மூன்று நாலு வழி இருக்கிறது. டாக்பேக் அமைப்பில் கடவுச்சொல்லைப் பேசும் தேர்வை அணைத்து வையுங்கள். ஹெட்போன் செருகியிருந்தால் மட்டும் எண் காதில் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. ஒரு காதில் மட்டும் செருகினால் போதும், மறு காது தெருவுக்கு வேண்டும்.

அப்புறம், சின்னச் சின்னத் தொகைக்கு யுபிஐ லைட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காது, உள்ளே 5,000 ரூபாய் வரை வைக்கலாம். மளிகை, டீ, பஸ், ஆட்டோ எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். பின்னைக் கடையில் தட்டுகிற வேலையே இல்லை. போன் தொலைந்தால் போவதும் அந்த 5,000 வரைதான். 2025 அக்டோபரில் கைரேகை, முகம் வழியாகவும் யுபிஐயில் பணம் அனுப்ப வழி திறந்தார்கள். உங்கள் செயலியில் அது வந்துவிட்டதா என்று பாருங்கள். மசாஜ் வேலையில் எண்ணெய்க் கையோடு கைரேகை எடுக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்!

புள்ளி புள்ளி என்று சொல்லிக்கொண்டு எண்ணையும் கலைக்கிற அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

மீனாட்சிபுரம் மசாஜ் சென்டர்

எண்ணெய் பட்ட விரலை எடுக்காது டீச்சர், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். லைட் போட்டுவிட்டேன்.

பொள்ளாச்சி வக்கீல்

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் 30இல் வந்த தீர்ப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் வாங்க, கேமரா முன்னால் கண் சிமிட்டு என்று கேட்கும் இணையவழிக் கேஒய்சி, அதாவது ஆள் அடையாளச் சரிபார்ப்பு முறையை எதிர்த்து வந்த வழக்குகள் அவை. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டுவார்கள்? டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லி, 20 உத்தரவுகளைப் போட்டது. சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது அதில் ஒன்று.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. ஆகவே "சில ஆயிரம் பேர்" என்கிற நிரலர் சார், உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது "செயலி வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எந்தப் பட்டன், டாக்பேக் என்ன சொன்னது, அதனால் பின் எண்ணை யாரிடம் சொல்ல வேண்டி வந்தது என்று எழுதுங்கள். கடைசி வரிதான் முக்கியம். வசதிக்குறைவுப் புகாரை ஓரமாக வைப்பார்கள். ரகசியம் வெளியே போனது என்ற புகாரை அப்படி வைக்க முடியாது.

வாளையார் வண்டி

காப்சா பற்றி யாராவது பேசுங்கள் ஐயா. விபிஎன் போட்டால் எல்லாத் தளமும் "நீ மனிதனா" என்கிறது. டிராபிக் லைட் படத்தைத் தொடு என்கிறது. நான் எங்கே போய்த் தொட?

பாலக்காட்டு லினக்ஸ்காரன்

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிச்சு. விபிஎன்னிலும் டோரிலும் ஒரே முகவரியில் இருந்து ஏகப்பட்ட பேர் வருவதால் தளங்களுக்குச் சந்தேகம் வரும், காப்சா கூடும். படத்துக்குப் பதில் ஒலி கேட்டால், இரைச்சலுக்கு நடுவே ஆங்கில வார்த்தைகள். ஆங்கிலம் சரியாக வராதவருக்கு அதுவும் அடைப்புதான். அதோடு, சந்தேகமான முகவரி என்றால் ஒலிச் சோதனையையே தராமல் "பிறகு முயற்சி செய்யவும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். படம் தெரிந்தவருக்கு விபிஎன் இலவசம், தெரியாதவர் விபிஎன்னைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும்.

பார்வையற்றவர் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துகொண்டால் காப்சா கேட்காமல் விடுகிறேன் என்று ஒரு முறை இருக்கிறது. அதற்கு ஒரு குக்கீயை, அதாவது நம்மை அடையாளம் காட்டும் சின்னக் கோப்பை, பிரவுசரில் வைக்க வேண்டும். அதாவது தான் யார், தனக்குக் கண் தெரியாது என்று அறிவித்துக்கொண்டு, அந்தக் குக்கீயையும் சுமந்தால் கதவு திறக்கும். அந்தரங்கம் தேடி வந்தவரிடம் கேட்கிற கட்டணம் இது.

2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் தரத்தில், உள்நுழைய நினைவுத்திறன், புதிர் போன்ற சோதனை மட்டுமே வழியாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட் பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்கக் கூடாது என்பதும் அந்த விதியின் வழியே வருகிறது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனே சாவியாகும் பாஸ்கீ வந்த தளங்களில் அதற்கு மாறிவிடுங்கள். போனின் கைரேகையோடு முடிந்துவிடும்.

குறைபார்வை கோவிந்தாபுரம்

எனக்கு ஒரு சந்தேகம். நான் டாக்பேக் வைத்திருக்கிறேன் என்று செயலிக்குத் தெரியுமா?

கோவை நிரலர்

தெரியும். தொட்டுத் தேடும் முறை இயங்குகிறதா என்று ஆண்ட்ராய்டிடம் ஒரு வரியில் கேட்டுவிடலாம். ஐபோனிலும் வாய்ஸ்ஓவர் ஓடுகிறதா என்று செயலி கேட்க முடியும். நல்ல காரணம்தான், அதைப் பார்த்து நாங்கள் அனிமேஷனைக் குறைப்போம், நேரக் கெடுவை நீட்டுவோம். ஆனால் அந்தப் பதிலை எடுத்து விளம்பரக் கம்பெனிக்கு அனுப்பாமல் இருப்பது செயலி செய்தவரின் மனசாட்சியைப் பொறுத்தது. இணையதளங்களுக்கு அப்படி நேரடியாகக் கேட்கிற வழி இல்லை. ஆகவே கடன், காப்பீடு மாதிரி விஷயங்களை முடிந்தால் செயலியில் செய்யாமல் பிரவுசரில் செய்யுங்கள். இதை எங்கள் ஆபீஸில் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

சித்தூர் டீச்சர்

நிரலர் தம்பி, இந்த ஒரு பதிலுக்காகவே உங்களை மன்னித்தாயிற்று.

இதோடு தொடர்புடைய இன்னொன்று, படம் படித்துச் சொல்லும் செயலிகள். சீயிங் ஏஐ, லுக்அவுட், பி மை ஐஸ் எல்லாம் எங்களுக்குக் கண் மாதிரிதான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவச் சீட்டையும் ஆதாரையும் காட்டும்போது படம் போனிலேயே படிக்கப்படுகிறதா, எங்கோ உள்ள சர்வருக்குப் போகிறதா? ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, ஏதாவது பழைய பத்திரிகையைக் காட்டிப் பாருங்கள். படித்தால் போனுக்குள்ளேயே வேலை முடிகிறது. நெட் கேட்டால் அந்த வசதியில் ஆதாரைக் காட்டாதீர்கள். பி மை ஐஸில் எதிர்முனையில் இருப்பவர் முகம் தெரியாத தன்னார்வலர். சட்டையின் நிறம் கேட்கலாம், ஏடிஎம் கார்டு எண் கேட்கக் கூடாது.

ஆதார் நகல் யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள், கடைசி நாலு எண் மட்டும்தான் தெரியும்.

வாளையார் வண்டி

எனக்கு வங்கி மெசேஜ் மலையாளத்தில் வருகிறது, மருமகன் தமிழில் அனுப்புகிறான். ஒன்றைப் படித்தால் இன்னொன்று ஊமை. மலையாள மெசேஜை ஆட்டோ ஸ்டாண்டில் யாரிடமாவது நீட்டுகிறேன். இதுவும் அந்தரங்கப் பிரச்சினையில் சேருமா?

சித்தூர் டீச்சர்

சேராமல் என்ன? எல்லையில் இருக்கிற நமக்கு இதுதான் முதல் பிரச்சினை. போனில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்புக்குப் போய்த் தமிழ், மலையாளம் இரண்டு குரல் தரவையும் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கினால்தான் நெட் இல்லாமல் போனுக்குள்ளேயே படிக்கும். பிறகு டாக்பேக் மெனுவில் மொழியை மாற்றலாம். கணினியில் என்விடிஏவோடு வருகிற ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் இருக்கிறது. குரல் ரோபோ மாதிரிதான் இருக்கும். என்விடிஏ இலவசம் என்பதை ஞாபகம் வையுங்கள், 2006இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. கடையில் யாராவது திருட்டு நகல் ஸ்கிரீன் ரீடரைப் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அதன் காதில் விழுகிறது.

பாலக்காட்டு லினக்ஸ்காரன்

வகுப்பில் சிக்னல் என்ற மெசேஜ் செயலியும் சேர்த்துக்கொள்ளலாம் டீச்சர். ஒரே ஒரு இடம் இடிக்கும். எதிராளி அவர்தானா என்று சரிபார்க்க க்யூஆர் படம் காட்டும். அதைக் கேமராவில் பிடிப்பது நமக்குக் கஷ்டம். அதற்குக் கீழேயே 60 இலக்க எண் ஐந்தைந்தாகப் பிரித்து இருக்கும். குரல் தெரிந்த ஆளுக்குப் போன் போட்டு இருவரும் மாற்றி மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். அந்த எண் வெளியே தெரிந்தால் ஆபத்தில்லை, பஸ்ஸில் கூட வாசிக்கலாம்.

கோவை நிரலர்

டீச்சர், லேபிள் இல்லாத பட்டன்களை அடுத்த பதிப்பில் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று. ஆண்ட்ராய்டு 14 வழியையும் காட்டினேன். ஏற்றுக்கொள்வார்கள் போலத் தெரிகிறது. எண்களைக் கலைத்துப் போடுகிற கீபேட் மட்டும் நிற்கிறது. பாதுகாப்புக் குழு விட மாட்டேன் என்கிறது.

சித்தூர் டீச்சர்

ஸ்கிரீன் ரீடர் இயங்கும்போது மட்டும் கலைக்காமல் விடச் சொல்லுங்கள். திரைச்சீலை போட்டிருப்பவரின் விரலை எட்டிப் பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அதற்கும் ஒப்பாவிட்டால் ஹெட்போன் இருக்கும்போதாவது எண்ணைச் சொல்லட்டும். சோதனைப் பதிப்பு வந்ததும் அனுப்புங்கள், கொழிஞ்சாம்பாறை வகுப்பில் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கிறேன். எங்கே இடிக்கிறது என்று பொள்ளாச்சி வக்கீல் சொன்ன மாதிரியே எழுதி அனுப்புகிறோம்.